ஆண்டு மலருக்காக நான் வெட்டிய படம்

ஏற்காட்டில் ஒரு பள்ளியில் முப்பத்து நான்கு ஆண்டுகள் தமிழ் நடத்தினேன். அதில் பெரும்பகுதி பள்ளியின் ஆண்டு மலரும் என் பொறுப்பில்தான் இருந்தது. ஓய்வு பெற்ற பிறகும் மலையை விட்டு இறங்கவில்லை. ஏரிக்குக் கொஞ்சம் மேலே, பஸ் திரும்பும்போதெல்லாம் ஜன்னல் அதிரும் ஒரு வீட்டில் நானும் என் மனைவியும் இருக்கிறோம்.

போன ஆண்டு மழைக்காலத்தில் அந்தப் பள்ளியின் கம்ப்யூட்டர் ஆசிரியை மடிக்கணினியோடு வந்தார். மலரை இந்த முறை வேறு மாதிரி கொண்டுவரப் போவதாகச் சொன்னார். பழைய மலர்கள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்தாயிற்று. பழைய மாணவர்களிடமிருந்து படங்களும் குரல் பதிவுகளும் வாங்க ஃபேஸ்புக்கில் ஒரு பக்கமும் வாட்ஸ்அப்பில் ஒரு குழுவும் தொடங்கியாயிற்று. அச்சிட்ட பக்கத்தின் ஓரத்தில் கட்டம் கட்டமாக ஒரு கறுப்புச் சதுரம் இருக்குமாம். போனை அதன்மேல் காட்டினால் படத்தில் உள்ளவரே பேசுவாராம்.

"படத்துல இருக்கறவங்க யாரு எவருன்னே தெரியல சார். நீங்க உக்காந்து பேரு மட்டும் சொன்னாப் போதும். மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்."

எனக்கு அது மிகவும் பிடித்துவிட்டது என்பதை மறைக்கப் போவதில்லை. வாரம் இரண்டு நாள் அவர் வருவார். திரையில் படத்தைப் பெரிதாக்குவார். நான் பெயர் சொல்வேன். அன்று மாலைக்குள் அந்தப் படம் குழுவுக்குப் போய்விடும். துபாயிலிருந்தும் ஓசூரிலிருந்தும், தலை நரைத்தவர்களெல்லாம் ஓடி வருவார்கள். "மூணாவது வரிசையில மூக்கு நோண்டறவன் யாருன்னு சார் சொல்லட்டும்" என்று ஒருவன் கேட்பான். "அது நீதான்டா" என்று நான் எழுதினால் நூறு சிரிப்பு முகங்கள் வந்து விழும். எனக்கு ஒன்றும் மறக்காது என்று பெயராகிவிட்டது. இரவுச் சாப்பாட்டின்போதும் போனைப் பார்த்துக்கொண்டிருந்த என்னை மனைவி ஒருநாள், "ஏனுங்க, அந்த நூறு பேருக்கும் சேத்து நானே ரசம் ஊத்தோணுமா?" என்று கேட்டாள்.

ஒரு வியாழக்கிழமை பத்தாம் வகுப்புப் படம் ஒன்று குழுவுக்குப் போனது. நாற்பது ஆண்டுக்கு முந்தைய படம். வழக்கம்போல் கேலிகள் வந்தன. அவற்றுக்கு நடுவே ஒரு பெண்ணின் குரல் பதிவு வந்தது. ஆசிரியை அதை அழுத்தினார். என் வீட்டு அறையில், என் மேசைக்கு முன்னால், அந்தக் குரல் பேசியது.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. நானு கரடியூருங்க. இந்த வகுப்புலதான் படிச்சேன், ஆனா படத்துல இல்லீங்க. அன்னிக்குக் காப்பிப் பழம் எடுக்கப் போயிட்டேன். மூலையில ஒட்டறதுக்குன்னு சார்கிட்ட ஒரு போட்டோ குடுத்தனுங்க. அது பிரஸ்ஸுல தொலைஞ்சு போச்சுன்னாங்க. என்ற மூஞ்சி போனாப் போவுதுங்க. அதுல எங்கப்பா இருந்தாரு. அவர எடுத்தது அந்த ஒரு போட்டோதான். அந்தப் பிரஸ்ஸுல பழசு கிழசு ஏதாச்சும் இருக்குதான்னு யாராச்சும் பாத்துச் சொன்னீங்கன்னா நொம்பப் புண்ணியமுங்க."

"உங்களுக்கு ஞாபகம் இருக்கா சார்?" என்று ஆசிரியை கேட்டார்.

"இல்லம்மா" என்றேன்.

எனக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. அந்தப் படம் நாங்கள் உட்கார்ந்திருந்த அறையிலேயே, அலமாரிக்கு மேல் இருந்த இரும்புப் பெட்டிக்குள், ஒரு காக்கி உறையில் இருந்தது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். வகுப்புப் படம் எடுக்கும் நாளில் வராத பிள்ளைகளை விட்டுவிட முடியாது. அவர்களிடம் தனிப்படம் வாங்கி, முகத்தை முட்டை வடிவில் வெட்டி, வகுப்புப் படத்தின் மேல்மூலையில் ஒட்டி, அதோடு சேர்த்து சேலத்து அச்சகத்துக்கு, படத்தை அச்சிடும் உலோகத் தகடான பிளாக் எடுக்க அனுப்புவோம். வெட்டுவதற்கென்றே அட்டையில் ஒரு முட்டை செய்து வைத்திருந்தேன். பெரும்பாலும் மலைக்கிராமத்துப் பிள்ளைகள்தான் மூலைக்குப் போனார்கள். படம் பிடிக்க ஆள் வருவது டிசம்பரில். காப்பிப் பழம் சிவப்பதும் டிசம்பரில். தேதியை மாற்றலாம் என்று ஒரு வருடமும் எனக்குத் தோன்றவில்லை.

அந்தப் பெண்ணிடம் தனிப்படம் இல்லை. வீட்டில் இருந்ததைக் கொண்டுவந்தாள். சேர்வராயன் கோயில் திருவிழாவில் திரை கட்டிப் படம் பிடிப்பவர் எடுத்தது. திரையில் கப்பல் ஓடும் கடல். அதன் முன்னால் அப்பா, அம்மா, நடுவில் இவள். பழைய நோட்டின் அட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தாள்.

"சார், வெட்டீராதீங்க. எங்க ஊட்ல இது ஒண்ணுதானுங்க இருக்குது. இதப் பாத்து வேற ஒண்ணு எடுத்துக்கலாமுங்களா?"

"எடுத்துக்கலாம் கண்ணு. பத்திரமா திருப்பித் தர்றேன்."

பஜாரில் இருந்த ஸ்டுடியோவில் பிரதி எடுக்கத்தான் நினைத்தேன். அன்று கடை பூட்டியிருந்தது. மறுநாள் எல்லாப் படங்களும் சேலம் போக வேண்டும். ஆசிரியர் அறையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வெட்டி ஒட்டிக்கொண்டு வந்தேன். இவள் படம் வந்தபோது கை நின்றது. இரண்டு நாள் பொறுக்கலாம் என்று தோன்றியது. பிறகு, பெண்ணின் முகம் போனால் என்ன, அப்பா அம்மா அப்படியேதானே இருக்கிறார்கள், இவர்களுக்கு என்ன தெரியப் போகிறது என்றும் தோன்றியது. 'இவர்களுக்கு' என்றுதான் நினைத்தேன். அட்டை முட்டையை அவள் முகத்தின்மேல் வைத்துப் பென்சிலால் வரைந்து வெட்டிவிட்டேன்.

பிளாக்கில் அவள் முகம் கறுப்புத் திட்டாக விழுந்தது. என்ன செய்யலாம் என்று அச்சகத்துக்காரர் ஆள் அனுப்பிக் கேட்டார். எடுத்துவிடச் சொன்னேன். ஆக, வெட்டியும் அவள் மலரில் இல்லை. வெட்டிய முகத்தையும் அங்கேயே யாரோ குப்பையில் போட்டிருக்க வேண்டும்.

மலர் வந்த அன்று அவள் கேட்டாள். பிரஸ்ஸில் தொலைத்துவிட்டார்கள் என்று சொன்னேன். "பரவால்லீங்க சார்" என்றாள். அந்த அச்சகத்துக்காரர் மேலும் பழி விழுந்தது. அடுத்த ஆண்டு பள்ளி வேறு அச்சகத்துக்குப் போனது. அதற்கும் நான் வாய் திறக்கவில்லை.

மலர் வந்த அதே படிப்பாண்டில், மிளகு பறிக்கும் காலத்தில், எஸ்டேட்டில் மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் ஏறிய அவளுடைய அப்பா விழுந்து இறந்துபோனார். செய்தி கேட்ட அன்றே உறையை எடுத்துக்கொண்டு கரடியூர் பஸ் நிற்கும் இடத்துக்குப் போனேன். பஸ் வந்தது. ஏறவில்லை. சாவு வீட்டுக்கு, உயிரோடு இருக்கும் பெண்ணின் முகத்தை வெட்டிய படத்தைக் கொண்டுபோவது அபசகுனம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சகுனம் பார்க்கிறவன் இல்லை நான். பொய் வெளியே வந்துவிடும் என்பதுதான் என் பயம். காரியம் முடியட்டும் என்றேன். அவள் பள்ளியை முடித்துப் போகட்டும் என்றேன். அப்படியே நாற்பது வருடம் போயிற்று.

குழுவில் அவள் பேசிய பிறகு நான் நினைத்தது, இரண்டு நாளில் பேச்சு அடங்கிவிடும் என்று. ஆனால் என் மாணவர்கள் நல்லவர்கள். சேலத்தில் இருக்கும் நாலு பேர் அந்த அச்சகத்தைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டார்கள். அது மூடிப் பல வருடம் ஆகியிருந்தது. முதலாளியின் மகன் பழைய காகிதங்களை மூட்டை கட்டிக் கிடங்கில் போட்டு வைத்திருந்தார். சனிக்கிழமை காலை முதலே படங்கள் வர ஆரம்பித்தன. வங்கியில் மேனேஜராக இருந்தவன் தலையில் துண்டு கட்டிக்கொண்டு தூசியில் உட்கார்ந்திருக்கிறான்.

"ரெண்டு மூட்டை பாத்தாச்சு. இன்னும் பதினொண்ணு."

"மாப்ள, எலி ஒண்ணு கெடச்சிருக்கு. சாருக்கு அனுப்பட்டா? பேரு சொல்லிருவாரு."

நடுநடுவே அவளும் பேசினாள். "உங்களுக்கெல்லாம் எத்தன சிரமமுங்க. நாளைக்கு மொதப் பஸ்ஸுல நானும் வாரனுங்க. எங்கப்பாவ எனக்குத்தான் சட்டுனு தெரியும்."

அதைக் கேட்டதும் போனை எடுத்து எழுதத் தொடங்கினேன். இரண்டு வரி எழுதுவேன், அழிப்பேன். பெரிய சொற்களாக வந்தன. தமிழாசிரியன் அல்லவா. நான் எழுதுவது மறுமுனையில் தெரியும் என்பதை மறந்துவிட்டேன்.

"சார் அரை மணி நேரமா டைப் பண்ணிட்டே இருக்காரு. பெரிய கட்டுரை வருதுடோய்."

"முன்னுரை பொருளுரை முடிவுரை எல்லாம் இருக்கும், ஓடிருங்க."

மனைவி வந்து என் முகத்தைப் பார்த்தாள். நான் நாற்காலி போட்டு ஏறி இரும்புப் பெட்டியை இறக்கினேன். உறையைப் பிரித்து அவள் கையில் கொடுத்துச் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவள் படத்தை ஜன்னலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். வெட்டிய இடத்தின் வழியாக வெளிச்சம் வந்தது.

"இத வெச்சுக்கிட்டா இத்தன வருசம் தூங்குனீங்க?"

நான் நாற்காலியை எடுத்துப் பழைய இடத்தில் போட்டேன்.

"மொதல்ல அந்த மூட்டையக் கொட்டறவங்கள நிறுத்தச் சொல்லுங்க. தூசியில இருமிட்டுக் கெடப்பாங்க."

'தேட வேண்டாம். படம் என்னிடம்தான் இருக்கிறது' என்று மட்டும் எழுதி அனுப்பினேன்.

உடனே கைதட்டல்களும் மாலைகளும் வந்து குவிந்தன. நான் நாற்பது வருடம் பாதுகாத்து வைத்திருந்தேன் என்று அவர்கள் புரிந்துகொண்டார்கள். "சார்னா சார்தான்." "எங்க சாரு கிட்டக் குடுத்தது தொலையுமா?" என்னைத் திட்டியிருந்தால்கூட அவ்வளவு சுட்டிருக்காது. அவள் மட்டும், "நெசமாவாங்க சார்? நானே வந்து வாங்கிக்கறனுங்க" என்றாள். காலையில் நானே கொண்டுவருகிறேன் என்று எழுதினேன்.

ஞாயிறு காலை கரடியூர் பஸ்ஸில் ஏறினேன். மழை விட்டிருந்தது. வியூ பாயின்ட்டுக்குப் போகும் வழியில் அவளுக்கு ஒரு சின்னக் கடை இருக்கிறது. தோட்டத்துக் காப்பியை வறுத்து அரைத்து, மிளகோடு சேர்த்துச் சுற்றுலா வருகிறவர்களுக்கு விற்கிறாள். நான் நினைவில் வைத்திருந்த பெண்ணுக்குப் பதிலாக ஐம்பத்தைந்து வயது அம்மாள் ஒருத்தி எழுந்து நின்றாள். உட்காரச் சொன்னாள். நான் நின்றுகொண்டே உறையைக் கொடுத்தேன்.

கையை முந்தானையில் இரண்டு முறை துடைத்துவிட்டு வாங்கினாள். படத்தை எடுத்தாள். ஓட்டையை அவள் பார்த்ததாகவே தெரியவில்லை.

"எங்கப்பா" என்றாள். கொஞ்சம் கழித்து, "ஏனுங்க சார், இத்தன சின்னவராவா இருந்தாரு? என்ற பையனுக்கு இவரவிட வயசு கூடுங்க" என்று சிரித்தாள். கண்ணில் நீர் நிறைந்துவிட்டது. "பாருங்க, மீசைய முறுக்கி உட்டுருக்காரு. படத்துக்காவ."

அவள் முகம் இருந்த இடத்துக்குக் கீழே பாவாடையும் இரண்டு கைகளும் அப்படியே இருந்தன. ஒரு கை அப்பாவின் சுண்டுவிரலைப் பிடித்திருந்தது. வெட்டிய நாளில் நான் அதைக் கவனிக்கவில்லை.

அப்போது சொன்னேன். பிரஸ்ஸில் தொலையவில்லை, நான்தான் வெட்டினேன், வெட்டக் கூடாது என்று நீ சொல்லியும் வெட்டினேன், பொய் சொன்னேன் என்று வரிசையாகச் சொன்னேன். அவள் படத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எங்கப்பா காரியத்தப்ப இது உங்ககிட்டத்தான் இருந்துச்சுங்களா?"

"இருந்தது."

"வெச்சுக் கும்புடப் படம் இல்லீன்னு, அவரு தோள்ல போடற துண்ட மடிச்சு வெச்சுக் கும்புட்டமுங்க. இன்னிக்கு வரைக்கும் வருசா வருசம் அந்தத் துண்டுதான். அம்மா சாவற வரைக்கும், அவரு மூஞ்சி மறந்துட்டே வருதுன்னு சொல்லிட்டே இருந்தாங்க."

மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"வேண்டாமுங்க சார். மத்ததெல்லாம் போவுது. அம்மாவுக்குக் காட்டாம உட்டீங்களே, அது எனக்கு ஆறாதுங்க. ஆறிப்போச்சுன்னு உங்க முன்னால பொய் சொல்லமாட்டேன்." பிறகு, "உக்காருங்க. பஸ்ஸு வர இன்னும் நேரம் கெடக்குது" என்று காப்பி போட உள்ளே போனாள். காப்பி நன்றாக இருந்தது. அவளுடைய மகன் வந்து, தன் தாத்தாவை முதல்முறையாகப் பார்த்து, போனில் படம் பிடித்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினான். நான் பஸ் ஏறுவதற்குள், வாழவந்தியிலிருந்து அந்தத் தாத்தாவின் தங்கையான ஒரு கிழவியின் குரல் அவனது போனில், "அண்ணா, அண்ணா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது.

அன்று மாலையே குழுவில் உண்மையை எழுதினேன். கைதட்டல்கள் நின்றன. இரண்டு நாள் யாரும் எனக்கு எதுவும் எழுதவில்லை. மூன்றாம் நாள் கம்ப்யூட்டர் ஆசிரியை, எங்கள் எல்லோருக்கும் நல்லது செய்வதாக நினைத்து, ஒரு காரியம் செய்தார். ஏதோ ஒரு செயலியைக் கொண்டு ஓட்டையை நிரப்பிவிட்டார். மங்கியிருந்த கடல் நீலமாகியிருந்தது. நடுவில் ரிப்பன் கட்டிய ஒரு சிறுமி பல் தெரியச் சிரித்தாள். இதயங்கள் பறந்தன. உண்மையைச் சொன்னால், எனக்கும் அது ஆறுதலாக இருந்தது. நான் வெட்டியது வெட்டியதாகவே தெரியவில்லை.

கரடியூரிலிருந்து குரல் வந்தது.

"டீச்சரு, நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா இந்தப் புள்ள யாருங்க? எங்கப்பன் வெரலப் புடிச்சிருக்கறது நானு. வேற புள்ளைய எதுக்குப் புடிக்க உடோணும்? ஓட்டையோடயே போடுங்க, சாமி. நடந்தது நடந்ததுதானுங்களே."

மலரில் படம் ஓட்டையோடு போவது என்று முடிவாயிற்று. பக்கத்தில் வரும் கறுப்புச் சதுரத்துக்கு அவள் குரலைப் பதிவு செய்ய வேண்டும். அவள் ஒரு நிபந்தனை வைத்தாள். முதலில் சார் பேச வேண்டும். ஆசிரியை தயங்கினார். பள்ளியின் பெயர் என்ன ஆவது என்று மேலே இருப்பவர்கள் கேட்டிருக்கிறார்கள். பள்ளி வெட்டவில்லை, நான்தான் வெட்டினேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

ஒரு புதன்கிழமை பகல் மூவரும் கம்ப்யூட்டர் அறையில் உட்கார்ந்தோம். நான் தாளில் எழுதி வந்ததைப் படித்தேன். நெஞ்சில் ஆறாத வடு, காலம் மன்னிக்காத பிழை என்றெல்லாம் எழுதியிருந்தேன். ஆசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவள் துடைக்கவில்லை.

"சார், நொம்ப அழகா இருக்குதுங்க. ஆனா இதக் கேக்கறவங்க, ஐயோ பாவம் இந்த மனுசன்னு உங்களையத்தான் சொல்லுவாங்க."

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். போனைப் பார்த்துச் சொன்னேன்: "இந்தப் படத்தை வெட்ட வேண்டாம் என்று ஒரு மாணவி என்னிடம் கேட்டுக்கொண்டாள். வெட்ட மாட்டேன் என்று சொல்லி வாங்கினேன். வெட்டினேன். அச்சகத்தில் தொலைந்ததாகப் பொய் சொன்னேன். அச்சகத்தார்மேல் தவறில்லை. அவளுடைய அப்பா இறந்த பிறகும், அம்மா உயிரோடு இருந்தவரைக்கும், படம் என் வீட்டில்தான் இருந்தது. நான் கொடுக்கவில்லை."

அரை நிமிடம்கூட ஆகவில்லை. அவள் தலையசைத்து, நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். போனுக்கு மிக அருகில் குனிந்து, தொண்டையைச் செருமி, முதலில் தன் அப்பாவின் பெயரைச் சொன்னாள். வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு முன்னால் இருந்த ஓர் எழுத்தாக மட்டும் அதைத் தினமும் படித்தவன் நான். முழுப் பெயரை அன்றுதான் கேட்டேன்.